மேலாண்மைத் துறைக்குத் தலைவராக வருபவர் யாராக இருக்க வேண்டும்?

2024 ஜூன் 9

கேள்வியை நேராகவே வைக்கிறேன். பல்கலைக்கழகங்களிலும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளிலும் நடக்கும் எம்.பி.ஏ. துறைகளுக்குத் தலைவராக வருபவர் வகுப்பறையிலேயே வளர்ந்த பேராசிரியராக இருக்க வேண்டுமா, வெளியே ஒரு நிறுவனத்தை நடத்திப் பார்த்தவராக இருக்க வேண்டுமா? நான் நீலகிரியில் ஒரு கல்லூரியின் மேலாண்மைத் துறையில் 22 ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். 2018 டிசம்பரிலிருந்து மூன்று ஆண்டுகள் துறைத்தலைவராகவும் இருந்தேன். இப்போதைய தலைவரின் மூன்றாண்டுக் காலம் இந்த டிசம்பரில் முடிகிறது. அவருக்குப் பின் ஓய்வுபெற்ற ஒரு நிறுவன அதிகாரியை அழைத்து வரலாம் என்று எங்கள் நிர்வாகம் எண்ணுகிறது. ஆசிரியர் அறையில் பலரும் இதை எதிர்க்கிறார்கள், நானும் எதிர்க்கிறேன்.

என் காரணம் இது. அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் முதல் முழுநேர இயக்குநரான ரவி மத்தாய் 1965இல் பொறுப்பேற்றார். நிறுவனம் நன்றாகக் காலூன்றிவிட்ட 1972இல், யாரும் கேட்காமலேயே பதவியை விட்டிறங்கி, அதே வளாகத்தில் பேராசிரியராகத் தொடர்ந்தார். பின்னர் ராஜஸ்தானின் ஜவாஜா பகுதிக்குப் போய் நெசவாளர்களோடும் தோல் தொழிலாளர்களோடும் வேலை செய்தார். ஆசிரியராகத் திரும்பி வர மனம் உள்ளவரால்தான் ஆசிரியர்களுக்குத் தலைமை தாங்க முடியும் என்பது என் துணிபு. வெளியிலிருந்து வருபவருக்குத் திரும்பிப் போக வகுப்பறை என்று ஒன்று இல்லை.

ஜூன் 10

ஒன்றைச் சேர்க்க விட்டுவிட்டேன். இது எம்.பி.ஏ.வோடு நின்றுவிடும் கேள்வி அன்று. 2024–25 கல்வியாண்டு முதல் பி.பி.ஏ. படிப்பும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் ஒப்புதல் வரம்புக்குள் வந்துவிட்டது. இதுவரை வணிகவியல் துறையின் ஓர் அறையில் நடந்துவந்த படிப்புக்கும் இனித் தனித் தலைமை, தனி ஆவணம், தனி ஆய்வு என்று வரும். மலையில் உள்ள சிறிய கல்லூரிகளில் தலைமை ஏற்க ஆளுக்கு எங்கே போவது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

ஜூன் 14

என் முதல் குறிப்பைப் படித்துவிட்டுத் திருச்சியிலிருந்து எழுதிய நண்பர் என்னை ஓரிடத்தில் பிடித்துவிட்டார். அவர் சொன்னது சரி. நான் எடுத்துக்காட்டாக நிறுத்திய மத்தாயே கல்விப் புலத்தில் பிறந்து வளர்ந்தவர் அல்லர். தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு, கொல்கத்தா ஐ.ஐ.எம்.முக்குப் பேராசிரியராக வந்து, அங்கிருந்து அகமதாபாத்துக்குப் போனவர். பொறுப்பேற்றபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஆக, என் முதல் குறிப்பில் உள்ள சான்று என் வாதத்துக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.

இரண்டு நாட்களாக இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கிருந்து வந்தார் என்பதைவிட எங்கே இறங்கினார் என்பதுதான் முக்கியம் என்று இப்போது தோன்றுகிறது. 'வகுப்பறையில் வளர்ந்தவர்தான் வேண்டும்' என்று முதல் நாள் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். 'திரும்பி வர மனம் உள்ளவர்' என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

ஜூன் 23

'இறங்குவதுதான் தலைமை என்றால், நீண்ட காலம் இருந்து கட்டியெழுப்பியவர்கள் எல்லாரும் பதவி ஆசை பிடித்தவர்களா?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்து கெல்லாக் வணிகப் பள்ளியில் டொனால்ட் ஜேக்கப்ஸ் 1975 முதல் 2001 வரை 26 ஆண்டுகள் டீனாக, அதாவது பள்ளியின் தலைவராக, இருந்தார். நிதியியல் பேராசிரியராக அங்கேயே இருந்து மேலே வந்தவர். வேலையில் இருக்கும் மேலாளர்கள் வந்து தங்கிப் படிப்பதற்கென்று அவர் காலத்தில் ஒரு கட்டடமே எழுந்தது. மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து வேலை செய்வது அந்தப் பள்ளியின் அடையாளமாக ஆயிற்று. 1988இல் பிசினஸ்வீக் இதழ் முதன்முதலாக வணிகப் பள்ளிகளுக்குத் தரவரிசை வெளியிட்டபோது, பழைய பெரும் பெயர்களையெல்லாம் தாண்டி முதலிடம் அந்தப் பள்ளிக்குத்தான் கிடைத்தது.

ஆகவே காலத்தின் நீளத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் நம் நிலை வேறு. இங்கே அரசு, உதவிபெறும் கல்லூரிகளில் பெரும்பாலும் பணிமூப்புப்படி தலைமை மாறி மாறி வருகிறது. மூன்றாண்டுக்குள் முதல் ஆண்டு கோப்புகளைப் புரிந்துகொள்வதிலும், நடு ஆண்டு ஆய்வுக் குழு வருகையிலும், கடைசி ஆண்டு அடுத்தவருக்கு ஒப்படைப்பதிலும் கழிந்துவிடுகிறது. 26 ஆண்டுகளில் கட்டக்கூடியதை இதில் கட்ட முடியாது. எதைக் கட்டலாம், எதைக் கெடுக்காமல் இருக்கலாம் என்பதுதான் கேட்கத் தகுந்த கேள்வி.

இதோடு தொடர்புள்ள இன்னொன்று. 1959இல் அமெரிக்காவில் ஃபோர்டு அறக்கட்டளையும் கார்னகி நிறுவனமும் தனித்தனியே நிதியளித்து, வணிகக் கல்வியைப் பற்றி இரண்டு பெரிய அறிக்கைகள் வெளிவந்தன. வணிகப் பள்ளிகளில் ஆராய்ச்சி இல்லை, பாடங்கள் மேம்போக்கானவை என்று இரண்டுமே கடுமையாகச் சொல்லின. அதன்பின் ஆராய்ச்சியாளர்களின் கை ஓங்கியது. 2005இல் மேலாண்மைப் பேராசிரியர்களான வாரன் பென்னிஸும் ஜேம்ஸ் ஓடூலும், அதே ஆராய்ச்சி மோகத்தால் வணிகப் பள்ளிகள் வழி தவறிவிட்டன என்று எழுதினார்கள். நிறுவன அனுபவமா, கல்விப் புலமையா என்று நாம் இன்று கல்லூரி ஆசிரியர் அறையில் அடித்துக்கொள்ளும் சண்டை, அங்கே அரை நூற்றாண்டுக்குள் ஒரு முழுச் சுற்று சுற்றி வந்துவிட்டது.

ஜூலை 2

வெலிங்டன் பாதுகாப்புப் படைப் பணியாளர் கல்லூரியைப் பாருங்கள் என்று ஒருவர் எழுதினார். குன்னூரில் வாழ்பவர்போலும். அங்கே லெப்டினன்ட் ஜெனரல் நிலையிலுள்ள அதிகாரி தலைமை வகிக்கிறார். பாடம் நடத்தும் அதிகாரிகள் சில ஆண்டுகள் இருந்துவிட்டுப் படைப்பிரிவுக்கே திரும்பிப் போகிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் அந்தப் பயிற்சிக்கு முதுநிலைப் பட்டமும் வழங்குகிறது. தலைமையைக் கற்பிக்கும் இடத்தின் தலைமை அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

அதில் நான் எடுத்துக்கொள்வது ஒன்று உண்டு; ஏற்க முடியாதது ஒன்று உண்டு. களத்துக்கும் வகுப்புக்கும் இடையே ஆட்கள் வந்து போய்க்கொண்டே இருப்பது அருமையான ஏற்பாடு. சிறு குழுக்களாக உட்கார்ந்து ஒரே சிக்கலைப் பல கோணங்களில் அலசும் அவர்களுடைய சிண்டிகேட் முறையையும் நம் எம்.பி.ஏ. வகுப்புகளில் மனதாரக் கடன் வாங்கலாம். ஆனால் அங்கே தலைவர் சொன்னால் கட்டளை. பல்கலைக்கழகத் துறையில் தலைவர் சொன்னால் அது ஒரு கருத்து மட்டுமே. அவரைவிட மூத்தவர் எதிரே உட்கார்ந்திருப்பார். சம்பளம் அவர் கையில் இல்லை, பதவி உயர்வு அவர் கையில் இல்லை, இடமாற்றம் அவர் கையில் இல்லை. ஒருவர் வகுப்புக்குப் போய்ப் பழைய குறிப்பை வாசித்துவிட்டு வந்தால், அதை மாற்றத் தலைவரிடம் எந்த ஆயுதமும் கிடையாது. நிறுவனத்திலிருந்து வருபவர்கள் முதல் ஆறு மாதத்தில் தடுமாறுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

ஜூலை 16

மூன்று நாட்களாக விடாத மழை. கூடலூர்ப் பக்கத்து மாணவர்கள் யாரும் வரவில்லை. வகுப்பில் ஏழு பேர். அவர்களை வைத்துக்கொண்டு பாடத்தை நகர்த்த மனம் வராமல், அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

தலைமை என்று பெரிய சொல்லாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். என் மூன்றாண்டு அனுபவத்தில், துறைத்தலைவரின் உண்மையான அதிகாரம் முழுவதும் ஒரே ஒரு தாளில் இருக்கிறது. அது டைம் டேபிள். நான் பொறுப்பேற்றபோது என் மேசையில் இருந்தது பழைய சார்ட் அட்டை ஒன்று. பென்சிலில் கட்டம் போட்டு, அழித்து அழித்துத் திருத்தியதால் சில கட்டங்களில் அட்டையே தேய்ந்து மெலிந்திருந்தது. தேயாத கட்டங்கள் எவை என்று பார்த்தேன். பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை உள்ளவை. அவை மூத்த ஆசிரியர்களுடையவை. பல ஆண்டுகளாக யாரும் தொட்டதில்லை. காலை முதல் மணியும் மாலைக் கடைசி மணியும் புதிதாகச் சேர்ந்த தற்காலிக ஆசிரியர்களுக்கு. அந்த முதல் மணியில்தான் புள்ளியியல் பாடம் இருந்தது. துறையில் அதிகம் பேர் தோற்ற பாடமும் அதுதான்.

ஆசிரியர் சரியில்லை என்று எல்லாரும் சொல்லிவந்தார்கள். வருகைப் பதிவேட்டை எடுத்து, ஊர்வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். மஞ்சூர், கிண்ணக்கொரைப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் முதல் மணியில் பாதி நாள் இல்லை. அவர்கள் பஸ், மூடுபனி இல்லாத நாளிலேயே வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடம் கழித்துத்தான் வந்து சேரும். குளிர்காலத்தில் கேட்கவே வேண்டாம். தாமதமாக வந்து கதவருகே நின்று திட்டு வாங்குவதைவிட, கேன்டீனில் உட்கார்ந்து அடுத்த மணிக்குப் போவது அவர்களுக்கு மானமுள்ள வழியாகத் தெரிந்திருக்கிறது.

புள்ளியியலை இரண்டாம் மணிக்கு மாற்ற வேண்டுமானால், தேயாத கட்டம் ஒன்றைத் தொட வேண்டும். என் கட்டத்தையே தொட்டேன். என் சந்தையியல் வகுப்பை முதல் மணிக்குக் கொண்டுபோய், என் இடத்தைப் புள்ளியியலுக்குக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து மூத்த ஆசிரியர் ஒருவர், வாரத்தில் இரண்டு முதல் மணிகளைத் தாமே எடுத்துக்கொள்வதாக வந்து சொன்னார். நான் அவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் மறுத்திருப்பார் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

ஜூலை 17

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். அந்த மாற்றத்தால் தேர்ச்சி எவ்வளவு கூடியது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். அது 2019 ஜூலையில் செய்த மாற்றம். நவம்பர்த் தேர்வில் தேர்ச்சி கூடியது. அடுத்த மார்ச்சில் கொரோனா வந்து எல்லாம் கைபேசி வகுப்பாகிவிட்டது. ஒரு பருவத்தை வைத்துக்கொண்டு 'நான் மாற்றினேன், தேர்ச்சி கூடியது' என்று சொல்வது, என் மாணவர்கள் ஆய்வறிக்கையில் எழுதினால் நானே சிவப்பு மையால் அடித்துவிடும் வாக்கியம். பிள்ளைகள் கேன்டீனில் உட்கார்வது நின்றது. அதை மட்டும் கண்ணால் பார்த்தேன்.

ஆகஸ்ட் 4

கட்டளை இல்லாத இடத்தில் தலைமை எப்படி நடக்கும் என்று கேட்பவர்களுக்கு, இந்த மலையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1965 முதல் இயங்கும் இண்ட்கோசர்வ் கூட்டமைப்பின் கீழ், கட்டபெட்டு, கைகாட்டி, எப்பநாடு, மஞ்சூர் என்று ஊர் ஊராகக் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. சிறு தேயிலை விவசாயிகள்தான் அவற்றின் உறுப்பினர்கள். கூட்டமைப்புக்கு மேலாண்மை இயக்குநராக ஐ.ஏ.எஸ். அதிகாரி வருகிறார். ஆனால் அந்த அதிகாரியாலோ தொழிற்சாலை மேலாளராலோ ஒரு விவசாயியைப் பார்த்து 'உன் இலையை இங்கேதான் போட வேண்டும்' என்று வற்புறுத்தி நடத்திவிட முடியாது. பக்கத்திலேயே தனியார் தொழிற்சாலை இருக்கிறது. அதன் ஏஜென்ட் வண்டியோடு ஹட்டிக்கே, அதாவது விவசாயியின் ஊருக்கே, வந்து நிற்பார். எடையில் நம்பிக்கை போனாலோ, பணம் தள்ளிப்போனாலோ, மறுநாள் காலையிலேயே இலை மூட்டை அந்த வண்டியில் ஏறிவிடும். யாரும் கூட்டம் போட்டு எதிர்ப்புச் சொல்ல மாட்டார்கள். இலை வராது, அவ்வளவுதான்.

ஆசிரியர்களும் அப்படித்தான். தலைவர் மேல் நம்பிக்கை போனால் யாரும் மனு எழுதுவதில்லை. கையெழுத்துப் போடுவார்கள், வகுப்புக்குப் போவார்கள், பாடமும் நடக்கும். ஆனால் அவர்களுடைய நல்ல நேரம் வேறெங்கோ போய்விடும்: டியூஷனுக்கு, வேறு கல்லூரியின் ஆய்வு வழிகாட்டலுக்கு, வீட்டுக்கு. துறையில் சருகுதான் மிஞ்சும். பேராசிரியரின் கொழுந்து அவருடைய கவனம். அதை அவராகக் கொண்டுவந்து போட்டால்தான் உண்டு.

ஆகஸ்ட் 5

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலை விவசாயக் குடும்பத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். 'அக்கா, கூட்டுறவு பேக்டரியை நீங்கள் ரொம்ப அழகாக எழுதிவிட்டீர்கள். எங்கள் அப்பா இலையைத் தனியாருக்கு மாற்றியது நம்பிக்கை போனதால் இல்லை. ஏஜென்டிடம் முன்பணம் வாங்கியிருந்தார். அதனால் மாற வேண்டியதாயிற்று' என்கிறார். கடனும் முன்பணமும் ஆளைக் கட்டிப்போடும் கயிறுகள் என்பதை நான் எழுதாமல் விட்டது பிழைதான்.

அந்தத் தம்பி சொன்னதைத் துறைக்கும் பொருத்திப் பார்த்தேன். தற்காலிக ஆசிரியர்கள் தலைவர் சொன்னதையெல்லாம் செய்கிறார்கள். அடுத்த ஆண்டு ஒப்பந்தம் நீள வேண்டும் என்ற கயிறு அவர்களைக் கட்டியிருக்கிறது. நிரந்தர ஆசிரியரிடம் கருத்தாகப் போய்ச் சேரும் அதே வாக்கியம், தற்காலிக ஆசிரியரிடம் கட்டளையாகப் போய்ச் சேர்கிறது. ஜூலை 2ஆம் தேதி 'எந்த ஆயுதமும் கிடையாது' என்று எழுதினேன். துறையில் ஒரு பாதிக்கு மட்டுமே அது உண்மை. மற்றப் பாதியின் மேல் தலைவருக்கு இருக்கும் பிடி, இருக்கத் தகாத அளவுக்குப் பெரியது. முதல் மணியைத் தற்காலிக ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் வாய் திறக்காமல் சுமந்ததற்கும் காரணம் இதுவே. ஜூலையில் அதை எழுதியபோது எனக்கு இது உறைக்கவில்லை.

ஆகஸ்ட் 25

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாட்களாக யோசித்தேன்.

பிலடெல்ஃபியாவில் உள்ள டெம்பிள் பல்கலைக்கழகத்தின் ஃபாக்ஸ் வணிகப் பள்ளிக்கு மோஷே போராட் என்பவர் 1996 முதல் டீனாக இருந்தார். அந்தப் பள்ளியின் இணையவழி எம்.பி.ஏ. படிப்பு, தரவரிசையில் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து முதலிடம் பெற்றது. புதிதாகச் சேர்ந்த 255 மாணவர்களும் ஜிமேட் என்ற மேலாண்மைப் படிப்பு நுழைவுத் தேர்வின் மதிப்பெண் அளித்தவர்கள் என்று பள்ளி தகவல் கொடுத்திருந்தது. உண்மையில் அளித்தவர்கள் 50 பேர். 2018இல் இது வெளிவந்து அவர் பதவியிழந்தார். 2021 நவம்பரில் நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. 2022இல் 14 மாதச் சிறையும் இரண்டரை லட்சம் டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. ஒரு வணிகப் பள்ளித் தலைவர் தரவரிசைக்கான எண்களுக்காகச் சிறை போனதை என் மாணவர்களிடம் வணிக அறம் பாடத்தில் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் எனக்குள் ஓர் உறுத்தல் இருந்தது.

2020 ஆகஸ்டில் எங்கள் கல்லூரியின் வேலைவாய்ப்பு அட்டவணையில் துறைத்தலைவராக நான் கையெழுத்திட்டேன். அந்த ஆண்டு முடித்துச் சென்றவர்கள் 38 பேர். ஊரடங்கால் வளாக நேர்காணல் எதுவும் நடக்கவில்லை. அவர்களில் ஒன்பது பேர் வீட்டுக்குப் போய்த் தேயிலைத் தோட்டத்தையும் கேரட், பூண்டு விவசாயத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படிவத்தில் 'சுயதொழில் / தொழில்முனைவோர்' என்று ஒரு பத்தி இருந்தது. ஒன்பது பேரையும் அதில் போடலாம் என்று அலுவலகத்திலிருந்து சொன்னார்கள். போட்டேன். பத்திகளின் கூட்டுத்தொகை, 'வேலைவாய்ப்புப் பெற்றோர்' என்ற தலைப்பின் கீழ் ஒரு சதவீதமாகச் சுருங்கி, சேர்க்கை விளம்பரப் பலகையில் ஏறியது. அதன் கீழே சிலருடைய படங்களும் இருந்தன.

யாரும் என்னைக் கேட்கவில்லை. எந்த விதியும் மீறப்படவில்லை என்றுகூட வாதிடலாம். போராட் வழக்கோடு இதை ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்று சொல்வீர்கள். அளவில் ஒன்றல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் கையெழுத்துப் போட்ட அந்த நிமிடத்தில் என் மனம் போன வழி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிள்ளைகளைப் பற்றி நான் நினைக்கவில்லை. அடுத்த ஆண்டுச் சேர்க்கை குறைந்தால், தற்காலிக ஆசிரியர்களில் இருவரை அனுப்ப வேண்டிவருமே என்று நினைத்தேன். நல்ல காரணம்தான். தவறான எண் நுழைந்தது அந்த நல்ல காரணத்தின் வழியாகத்தான்.

ஆகஸ்ட் 26

'மறுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்?' என்று கேட்டவருக்கு: ஒன்றும் நடந்திருக்காது. கொஞ்சம் மனக்கசப்பு, அவ்வளவே. அதனால்தான் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

செப்டம்பர் 15

அந்த ஒன்பது பேரில் ஒருவனை 2021 தொடக்கத்தில் பார்த்தேன். கட்டபெட்டிலிருந்து போகும் சாலையோரம், இலை எடை போடும் கொட்டகையருகே பஸ் நின்றது. அவன் தோளிலிருந்து மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தான். பிளாஸ்டிக் வலைப்பைக்குள் இலை நசுங்கி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சட்டை முதுகு முழுவதும் ஈரம். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலருகே ஓடிவந்து வணக்கம் சொன்னான். 'மேடம், போர்டில் என் போட்டோவுக்குக் கீழே தொழில்முனைவோர்னு போட்டிருந்தீங்களே, அப்பா அதைப் போனில் படம் எடுத்து வச்சிருக்கார்' என்றான். கேலியாகச் சொல்லவில்லை. அவன் அப்பாவுக்கு அதில் உண்மையாகவே பெருமை. பஸ் கிளம்பிவிட்டது. நான் அவனுக்கு என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை.

அந்த ஆண்டு அட்டவணையில் பத்திகளைப் பிரித்தேன். நிறுவனத்தில் வேலை பெற்றவர்கள், புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள், குடும்ப விவசாயத்துக்குத் திரும்பியவர்கள், வேலை தேடுபவர்கள் என்று நான்கு. சதவீதம் வெகுவாகக் குறைந்தது. அலுவலகத்தில் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்று முறையும் அப்படியே கையெழுத்திட்டுக் கொடுத்தேன். இப்போதைய தலைவர் அதே நான்கு பத்திகளைத் தொடர்ந்து வைத்திருக்கிறார். அதற்காக அவருக்கு நான் கடமைப்பட்டவள்.

இன்னொன்றும் நடந்தது. குடும்ப விவசாயத்துக்குத் திரும்பியவர்கள் தனிப் பத்தியாக நின்ற பிறகுதான், அவர்களுக்கு நாம் என்ன கற்பித்து அனுப்பினோம் என்ற கேள்வி துறைக் கூட்டத்தில் முதன்முதலாக எழுந்தது. பச்சைத் தேயிலை விலை எப்படி முடிவாகிறது, குன்னூர் ஏலம் எப்படி நடக்கிறது, கூட்டுறவுச் சங்கத்தின் வரவு செலவு அறிக்கையை எப்படிப் படிப்பது என்று மூன்று வாரப் பாடம் ஒன்றை எழுதினோம். உதகை இந்து நகரில் 1960இல் நிறுவப்பட்டு, டிஜிட்டல் கேமரா வந்தபின் எழ முடியாமல் போன இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் கதையையும் சேர்த்தோம். அதுவரை எங்கள் மாணவர்கள் படித்தவை பெரும்பாலும் கண்ணால் பார்த்திராத அயல்நாட்டு நிறுவனங்களின் கதைகளே.

அக்டோபர் 20

மழையில் மலைச்சாலை இரண்டு நாள் சரியில்லை. பாடத்திட்டக் குழுவுக்குக் கோவை இறங்க வேண்டியவர்கள் இறங்க முடியவில்லை.

'இன்சார்ஜ்' தலைவர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். ஐந்து ஆண்டுகளாகப் பொறுப்புத் தலைவராகவே இருக்கும் ஒருவர், அடுத்த மாதம் தாம் அந்த நாற்காலியில் இருப்போமா என்று தெரியாமல் எந்தக் கோப்பிலும் முடிவெழுத முடியவில்லை என்கிறார். தமிழகப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றிலேயே துணைவேந்தர் பணியிடம் நெடுநாள் காலியாகக் கிடந்து, குழு ஒன்று நிர்வாகம் பார்க்கும் காலம் இது. மேலே அப்படி இருக்கும்போது கீழே உறுதியான தலைமையை எதிர்பார்ப்பது கடினம். தலைவர் இறங்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறேன். இறங்கும் நாள் முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் அது பொருந்தும். எப்போது இறக்கிவிடுவார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த அறிவுரை கொடுமையானது.

இறங்கியதைப் பற்றி நானும் சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் பொறுப்பை ஒப்படைத்த மறுநாள், பத்து ஆண்டு இளையவரான புதிய தலைவர் தம் அறையில் இருந்தார். நான் பழைய மேசைக்குத் திரும்பியிருந்தேன். அலுவலக உதவியாளர் அண்ணா வழக்கம்போல் கோப்புக் கட்டை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். 'அங்கே கொண்டு போங்கண்ணா' என்று சொல்வதற்குள் என் கை முதல் கோப்பைத் திறந்துவிட்டது. ஏறக்குறைய ஓர் ஆண்டு, துறைக் கூட்டங்களில் வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகினேன். எனக்கு முன்னால் இருந்த தலைவர் இதைத் தாங்க முடியாமல், பதவி முடிந்த மாதமே வேறு ஊருக்கு முதல்வராகப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். திரும்பி வருபவருக்கு நம்மிடம் ஒரு சொல்கூட இல்லை. 'முன்னாள் தலைவர்' என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

நவம்பர் 17

நிர்வாகம் அழைத்துவர எண்ணிய அந்த அதிகாரி சென்ற வாரம் வந்திருந்தார். ஆசிரியர்களோடு இரண்டு மணிநேரம் பேசினார். எதிர்க்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் போனேன். பேச்சை முடித்துவிட்டு, கடைசி மூன்று பருவங்களில் எந்தப் பாடத்தில் அதிகம் பேர் தோற்றார்கள் என்ற பட்டியலைக் கேட்டார். வேலைவாய்ப்புச் சதவீதத்தைப் பிறகுதான் கேட்டார். முதல் மணி வகுப்பு உங்களுக்குக் கொடுத்தால் எடுப்பீர்களா என்று நான் கேட்டதற்கு, எந்த ஊர்ப் பஸ் எத்தனை மணிக்கு வருகிறது என்று என்னிடமே திருப்பிக் கேட்டார். என் எதிர்ப்பை நான் விலக்கிக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு சிக்கல் நிற்கிறது. அவரை 'புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்', அதாவது தொழில் அனுபவத்தை வைத்துப் பேராசிரியராக்கும் வகையில் நியமிக்கப் பார்க்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, அந்த வகையில் ஒருவர் பொதுவாக மூன்று ஆண்டுகளும், தனிச் சூழலில் இன்னும் ஓர் ஆண்டும் மட்டுமே இருக்கலாம். பாடத்திட்டம் அமைப்பது, பாடம் நடத்துவது, தொழில்துறையோடு உறவு வளர்ப்பது ஆகியவற்றுக்காக வகுத்த பணி அது. துறைத்தலைமைக்காக வகுத்தது அன்று. மூன்றாண்டும் தலைவராகவே இருந்துவிட்டுப் போனால், அவர் ஆசிரியராகத் திரும்பி வரும் காலம் என்று ஒன்று இருக்காது. ஆகவே இரண்டு நிபந்தனைகளை எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு பருவமும் அவர் ஒரு முழுப் பாடத்தைத் தாமே நடத்த வேண்டும். தலைமைப் பொறுப்பை இரண்டு ஆண்டுகளோடு முடித்துக்கொண்டு, மூன்றாம் ஆண்டு முழுவதும் ஆசிரியராக மட்டும் எங்களோடு உட்கார வேண்டும்.

முதல் நிபந்தனையை நியமன வரைவில் சேர்த்துவிட்டார்கள். இரண்டாவதை விட்டுவிட்டார்கள். எதற்கு ஒரு ஆண்டை வீணாக்குவது என்று கேட்கிறார்களாம். அடுத்த கூட்டம் டிசம்பர் முதல் வாரத்தில் நடக்கிறது. அந்த வரியை மீண்டும் எழுதி எடுத்துக்கொண்டு போகிறேன்.